பதினைந்தாம் வாரத்து லேபிள்

டூசான், அரிசோனா
7 பிப்ரவரி 1999

அன்புள்ள ஓபல் அத்தைக்கு,

நான் இங்கே சுகம். மிச்சிகன் பனியில் உங்கள் முழங்கால் என்ன பாடு படுகிறதோ என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். சர்ச்சுக்குப் போகும்போது அந்தத் தடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஒரு மன வருத்தம். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அப்பாவின் காரைப் போன மாதம் ஃபீனிக்ஸ் கண்காட்சிக்குக் கொண்டு போனேன். 'கைபடாத கார்கள்' என்று ஒரு பிரிவு உண்டு. பெயிண்ட், சீட், திருகாணி எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். அறுபத்தொன்பதாம் வருடத்து, பெரிய என்ஜின் வைத்த மசில் கார்களில் அப்படி மிஞ்சியவை கொஞ்சம்தான். நடுவர் ஹாலிஸ் ப்ரூயட் என்பவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, குச்சியில் கட்டின கண்ணாடியை நீட்டி நீட்டி ஒரு மணி நேரம் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் பின் சீட்டில் நின்றுவிட்டார்.

"பின் சீட்டுக்குத் தோள் பெல்ட்டா? இடுப்பு பெல்ட்தான் எல்லாருக்கும் வரும். இதைத் தனியா கேட்டு வாங்கணும். அந்தக் காலத்துல யாருமே கேட்டதில்லம்மா" என்றார்.

"எங்கப்பா கேட்டு வாங்கினாரு" என்றேன்.

அவர் லேபிளைப் புரட்டிப் பார்த்தார். "தேதி ஒத்துப்போகல. அபூர்வமான சாமான்னாலே இப்படித்தான், எங்கிருந்தாவது வாங்கி மாட்டிடறாங்க. யாரு மாட்டினது?"

"யாரும் மாட்டல. புதுசா வரும்போதே இருந்துச்சு. அப்பா சொல்லியிருக்காரு."

"எல்லார் அப்பாவும் அப்படித்தான் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

அத்தை, அப்பா செத்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரே கூடி நிற்க, அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டுப் போகிறார் ஒரு மனிதர். ஆகஸ்டில் இந்தியானாவில் தேசியக் கண்காட்சி. அதற்குள் பெல்ட் நிஜம் என்று நிரூபிக்காவிட்டால் காரை அந்தப் பிரிவிலிருந்தே தள்ளிவிடுவார்களாம். பின் சீட்டு ஸ்பிரிங்குக்குள் தொழிற்சாலைக்காரர்கள் சொருகிவைத்த ஆர்டர் தாள் இருந்தது. பெல்ட் பற்றிய வரி இருக்க வேண்டிய இடத்தை மட்டும் எலி தின்றிருக்கிறது!

நீங்கள் டார்பெல் கம்பெனியில் பெல்ட் தைத்தவர் ஆயிற்றே. நிஜம் எது, பிற்பாடு வந்த நகல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜானெல்

---

மேப்பிள் ஃபோர்ட், மிச்சிகன்
19 பிப்ரவரி 1999

என் செல்லம் ஜானெலுக்கு,

கர்த்தர் இந்த நாள்வரைக்கும் என்னை நடமாட வைத்திருக்கிறார், அவருக்கு ஸ்தோத்திரம். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, ரெண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது. உனக்கு அந்தப் பாலைவனத்தில் இருமல் கிருமல் இல்லையே?

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் இருந்த மீட்லோஃபைக் கருக்கிவிட்டேன். யார் அந்த ப்ரூயட்? வெள்ளைக் கையுறையாம்! நான் கையுறை இல்லாமல் இருபத்திரண்டு வருடம் தைத்தவள். என் விரலைப் பார்த்தால் அந்த ஆள் வாய் பேசமாட்டான்.

முதலில் உன் அப்பா விஷயம். வெர்ன் கார் ஆர்டர் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். பெரிய என்ஜின் கேட்டான், விற்பனைக்காரன் சந்தோஷமாக எழுதினான். ரேடியோ கேட்டான், எழுதினான். "பின் சீட்டுக்கும் தோள் பெல்ட் போடுங்க" என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"தம்பி, கல்யாணம்கூட ஆகல. பின்னாடி யாரை உக்கார வைக்கப் போற?"

"அதைத் தைக்கிறது எங்க அக்கா. நானே வாங்கலேன்னா வேற யாரு வாங்குவா?" என்றான் வெர்ன்.

அந்த ஆள் சிரித்துக்கொண்டே எழுதினான். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். இதற்கு நானே சாட்சி. சர்ச்சில் வேதத்தின்மேல் கை வைத்தும் சொல்வேன்.

இப்போது பெல்ட். நன்றாகக் கேட்டுக்கொள். கண்ணை மூடிக்கொண்டு நாடாவைத் தடவு. எங்கள் நாடாவில் நீளவாக்கில் ஐந்து மேடு விரலுக்குத் தட்டுப்படும். பிற்பாடு வந்த நகல் நாடா வழவழவென்று பாம்பு மாதிரி ஓடும். அடுத்தது, முனையை மடித்துத் தைத்த இடம். எங்கள் தையல் மலை மாதிரி நாலு தரம் ஏறி நாலு தரம் இறங்கும். நகல் தைப்பவன் சோம்பேறி, பெட்டி மாதிரி சதுரமாகத் தைத்துவிட்டுப் போவான். நூலும் பார். பெல்ட் கறுப்பாக இருந்தாலும் நூல் ஒரு சாயல் பழுப்பு அடிக்கும், வெயிலில் பிடித்தால்தான் தெரியும். கொக்கியைத் தட்டினால் கிண்ணென்று சத்தம் வரும், டக்கென்று வராது.

இன்னொன்று. இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. தையல் முடிகிற இடத்தில் எல்லாரும் ரெண்டு தையல் பின்னால் போட்டு அறுப்பார்கள். நான் மட்டும் மூன்று போடுவேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. சூப்பர்வைசர் க்ரல் முதலில் கத்தினார், "நூல் வீணாகுது ஓபல்!" என்று. "ஓட்டுறவன் உசிரு வீணாகலையே" என்றேன். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. பின் சீட்டுத் தோள் பெல்ட் எப்போதோ ஒரு தரம் வருகிற ஆர்டர் என்பதால் பகல் ஷிஃப்டில் என்னிடம்தான் கொடுப்பார்கள். வேறு யார் கையையும் அவர் நம்பவில்லை. என் பெல்ட் ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை, ஜானெல். ஒன்றுகூட! இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

லேபிளில் என்ன போட்டிருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே? எழுது. அந்தக் கையுறைக்காரன் காதைத் திருகிவிடலாம்.

தினமும் உனக்காக முழங்கால் போட முடியாவிட்டாலும் நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிக்கிற,
ஓபல் அத்தை

---

டூசான்
14 மார்ச் 1999

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அப்பா சொன்ன அந்த வார்த்தையை வாசித்துவிட்டுக் காரில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வேலையில் இறங்கினேன். கண்ணை மூடித் தடவினேன், ஐந்து மேடு. நாலு ஏற்றம், நாலு இறக்கம். வெயிலில் நூல் பழுப்பு. கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்று, அத்தை! இரண்டு பெல்ட்டிலும் பின்தையல் மூன்று! அப்பாவின் காரில் இருப்பது உங்கள் கைத்தையல்.

ப்ரூயட்டுக்கு ஃபோன் பண்ணினேன். பொறுமையாகத்தான் கேட்டார். "தையல் நிஜமா இருக்கலாம்மா. இந்தக் கார்ல வந்த பெல்ட்டாங்கிறதுதான் கேள்வி" என்றார். அவர் சொல்வது இதுதான்: லேபிளில் '15 வாரம் 69' என்று இருக்கிறது. என்ஜினுக்குப் பின்னால் அடித்திருக்கும் தகட்டில், கார் ஏப்ரல் முதல் வாரம் கட்டப்பட்டதாக இருக்கிறது. அதாவது பதினாலாவது வாரம். கார் முடிந்து வெளியே வந்த பிறகு தைத்த பெல்ட் அந்தக் காருக்குள் எப்படிப் போகும்? வேறு காரிலிருந்து கழற்றி மாட்டியது என்கிறார்.

ஆனால் டார்பெல்லில் வேலை பார்த்த ஒருவர் இதற்குக் காரணம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உங்களைவிட வேறு யார் வேண்டும்? ஒரு தாளில் நாலு வரி எழுதி அனுப்புங்கள்.

உங்கள் கையை நினைத்துப் பெருமைப்படும்,
ஜானெல்

---

மேப்பிள் ஃபோர்ட்
9 ஏப்ரல் 1999

அன்பு ஜானெலுக்கு,

உயிர்த்தெழுந்தவர் உனக்கும் சமாதானம் தருவாராக. நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தவக்காலம், உனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சர்ச்சில் மீன் பொரிக்கிற வேலை. இந்த வருடம் எண்ணெய்ச் சட்டியை, டார்பெல்லில் என்னோடு தைத்த பெர்னீஸிடம் கொடுத்தார்கள். மாவு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, ஆனால் உருளைக்கிழங்கு சாலட்தான் முதலில் தீர்ந்தது, அது நான் செய்தது. ஈஸ்டருக்கு லில்லிப் பூ நாற்பது தொட்டி. புதுப் பாஸ்டருக்குப் பூ ஒத்துக்கொள்ளாது போல. பிரசங்கம் முழுக்கத் தும்மல். கல்லறையை விட்டு எழுந்தார் என்பதற்குள் ஏழு தரம் தும்மினார். பக்கத்து வீட்டு வால்ட்டருக்கு வலது கண்ணில் ஆபரேஷன். இனி அவன் நாய் என் தோட்டத்துக்குள் வருவது அவனுக்கே தெரியும்.

ஒரு நல்ல செய்தி. டார்பெல்லில் வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் ஜூனில் சர்ச் ஹாலில் கூடுகிறோம். கம்பெனி மூடி பத்து வருடம் ஆகிறதே, அதற்காக. எனக்கு ஒரு பட்டயம் கொடுக்கப் போகிறார்களாம். 'இருபத்திரண்டு வருடம், ஒரு பெல்ட் திரும்பவில்லை' என்று மரத்தில் செதுக்கி. பெர்னீஸ் ரகசியமாகச் சொன்னாள், அவளுக்கு ரகசியம் வயிற்றில் நிற்காது.

லேபிள் விஷயம் கேட்டிருந்தாய். அந்தக் காலத்து லேபிளை எல்லாம் அவ்வளவு நம்ப முடியாது. அச்சடித்துக் கொடுத்தவன் குடிகாரன். ப்ரூயட்டிடம் அப்படிச் சொல்லிவிடு.

முழங்கால் கூப்பிடுகிறது, நிறுத்துகிறேன்.
ஓபல் அத்தை

---

டூசான்
25 ஏப்ரல் 1999

அன்புள்ள அத்தைக்கு,

பட்டயம் பற்றிக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா இருந்தால் அதைக் காரின் பின் கண்ணாடியிலேயே மாட்டியிருப்பார். வால்ட்டருக்குக் கண் சரியாகிவிட்டதா?

குடிகாரன் கதையை ப்ரூயட்டிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "முப்பது வருஷத்துல அந்தக் கம்பெனி லேபிள் ஆயிரத்துக்கு மேல பார்த்திருக்கேன். ஒண்ணுகூடத் தப்பா இருந்ததில்ல. அவங்க லேபிளை வச்சுத்தான் நாங்க மத்ததையே சரிபார்க்கிறோம்" என்றார்.

அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மீனுக்கும் லில்லிப் பூவுக்கும் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு மூன்று வரி. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதி அனுப்புங்கள். நடுவருக்குக் கடிதம் போய்ச் சேர ஜூலை கடைசிவரைதான் நேரம்.

அன்புடன்,
ஜானெல்

---

மேப்பிள் ஃபோர்ட்
20 ஜூன் 1999

அன்பு ஜானெலுக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. அறுபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். பட்டயத்தை க்ரல் கையால் கொடுக்க வைத்தார்கள். அவருக்கு எண்பத்து நாலு வயது, ரெண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "பொண்ணுங்களா, ஓபலைப் பாருங்க, இவ ஒருத்திதான் எனக்கு ஒருநாளும் தலைவலி கொடுக்காதவ" என்றார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

பட்டயத்தை இன்னும் மாட்டவில்லை. ஆணி இல்லை.

உனக்கு அடுப்புத் துணி ஒன்று பின்னி இத்துடன் வைத்திருக்கிறேன். இன்றைக்கு விரல் வலிக்கிறது, நீளமாக எழுத முடியவில்லை.

ஓபல் அத்தை

---

டூசான்
27 ஜூன் 1999

அன்புள்ள அத்தைக்கு,

விரல் வலிக்குச் சூடான உப்புத் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். அடுப்புத் துணி அழகாக இருக்கிறது. நன்றி.

இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். நேற்று ப்ரூயட்டோடு பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பின் தோள் பெல்ட் இரண்டையும் கழற்றிவிட்டு, பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் துளைகளை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டால், காரைக் கைபடாத பிரிவிலேயே வைத்துக்கொள்கிறேன் என்கிறார். மற்றதெல்லாம் அவருக்குப் பிடித்திருக்கிறது. ரப்பர் மூடி வாங்கி வைத்துவிட்டேன். பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை கழற்றப் போகிறேன்.

அப்பா சொன்னது நிஜம் என்று எனக்குத் தெரியும். உங்கள் தையல் என்றும் தெரியும். ஆனால் தெரிந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்,
ஜானெல்

---

மேப்பிள் ஃபோர்ட்
2 ஜூலை 1999
அவசரத் தபால்

ஜானெல்,

கழற்றாதே. ஒரு திருகாணியைத் தொடாதே. சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

அந்தப் பெல்ட் அந்தக் காரில்தான் வந்தது. லேபிளும் சரியான லேபிள்தான், அச்சடித்தவன் குடிகாரனும் இல்லை. செத்துப்போன மனிதன்மேல் பழி போட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும். தப்பு என்னுடையது.

அறுபத்தொன்பதில் எனக்கு இருபத்து நாலு வயது. பெரிய வெள்ளி ஆராதனைக்குப் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை போக வேண்டும். க்ரலிடம் கேட்டேன். "திங்கட்கிழமை ஆர்டரையும் இப்பவே தைச்சு வச்சிட்டுப் போ. லேபிள் மட்டும் திங்கட்கிழமை வந்து வை" என்றார். எங்கள் சட்டம் அது: எந்த வாரம் வெளியே போகிறதோ அந்த வாரத்து லேபிள், அந்த வாரத்தில்தான் தைக்க வேண்டும். திங்கட்கிழமை ஆர்டரில் பின் சீட்டுத் தோள் பெல்ட் எட்டு ஜோடி இருந்தது. செவ்வாயும் புதனும் சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்திருக்காமல் தைத்து முடித்தேன். மறுபடி ஒவ்வொன்றாக எடுத்து லேபிள் வைக்க எனக்குப் பொறுமை இல்லை. க்ரல் மேஜை இழுப்பறையில் அடுத்த வாரத்து லேபிள் சுருள் இருந்தது. கேட்காமல் எடுத்து, பதினைந்தாம் வாரத்து லேபிளை எட்டு ஜோடிக்கும் தைத்து, பெட்டியை மூடிச் சுவரோரம் வைத்துவிட்டேன். திங்கட்கிழமைவரை யார் தொடப்போகிறார்கள் என்று நினைப்பு.

கார்த் தொழிற்சாலையில் அந்தப் பெல்ட் அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது. புதன்கிழமை சாயங்காலமே லாரிக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வியாழக்கிழமை கட்டின கார்களில் அது ஏறியிருக்கும். வியாழனும் வெள்ளியும் ஆராதனை நினைப்பில் நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், சுவரோரம் வெறும் தரை.

"எட்டு ஜோடி எங்கே ஓபல்?" என்று க்ரல் கேட்டார்.

"அது அப்பவே போயிருச்சே சார்" என்றேன்.

"பலே பொண்ணு!" என்று, சரியான லேபிளோடுதான் அனுப்பியிருப்பேன் என்ற நம்பிக்கையில் முதுகில் தட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். போன மாதம் பட்டயம் வாங்கினேனே, அதே மாதிரி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆராதனைக்குப் போக வேண்டும் என்று துடித்தது பக்தியினால் இல்லை. மூன்று மணிப் பாட்டைத் தனியாகப் பாட அந்த வருடம் என்னைத்தான் போட்டிருந்தார்கள். ஊரே கேட்க வேண்டும் என்று ஆசை. நன்றாகப் பாடினேன், அதுவும் உண்மை.

வெர்னின் கார் அந்த எட்டில் ஒன்றாக இருக்கும் என்று சொப்பனத்திலும் நினைக்கவில்லை. கார் வந்த அன்று பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டேன், லேபிளைப் புரட்டிப் பார்க்கவில்லை. மார்ச்சில் உன் கடிதத்தில் '15 வாரம்' என்று வாசித்தபோதுதான் அது நான் மூடி வைத்த அந்தப் பெட்டி என்று தெரிந்தது. பட்டயத்தை இழக்க மனசு வரவில்லை. என் தம்பி பொய்யன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை என்று மூன்று மாதம் இருந்திருக்கிறேன். நீ ரப்பர் மூடி வாங்கிவிட்டேன் என்று எழுதினதும் எனக்கு அந்தத் துளைதான் கண்ணில் நிற்கிறது.

ப்ரூயட்டுக்குத் தனித் தாளில் எல்லாம் எழுதி, பாஸ்டர் முன்னால் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் ஆயிரம் லேபிள் பார்த்தவர் என்றாயே? ஏப்ரல் முதல் வாரத்தில் கட்டி, பதினைந்தாம் வாரத்து லேபிள் இருக்கிற வேறு கார் எதையாவது பார்த்திருக்கிறாரா என்று கேள். இன்னும் ஏழு ஜோடி எங்கேயாவது இருக்க வேண்டும். பின்தையலை எண்ணிப் பார்க்கச் சொல்.

நீ என்னைத் திட்டினாலும் சரி, கழற்றாதே.

ஓபல் அத்தை

---

டூசான்
18 ஆகஸ்ட் 1999

என் அன்புள்ள அத்தைக்கு,

முதலில் சுகம்: நான், கார், இரண்டு பெல்ட், எல்லாரும் சுகம். நீங்கள்? இந்தியானாவுக்கு வர முடியாமல் முழங்கால் கெடுத்துவிட்டதே. ஃபோனில் இரண்டு வார்த்தைதான் சொன்னேன், மற்றதை எழுதுகிறேன் என்றேன் இல்லையா? இதோ.

உங்கள் கடிதத்தை ப்ரூயட்டுக்கு அனுப்பியபின் இரண்டு வாரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. "அயோவாவுல ஸ்வென்சன்னு ஒருத்தர். எட்டு வருஷத்துக்கு முன்னாடி அவர் காரையும் நான்தான் பார்த்தேன். இதே வாரம் கட்டின கார், இதே லேபிள். போலின்னு எழுதிட்டேன். அவர் பெல்ட்டைக் கழற்றிட்டாரு" என்றார்.

"தூக்கிப் போட்டுட்டாரா?" என்றேன்.

"இல்ல. களஞ்சியத்துல சாக்குல சுத்தி வச்சிருக்காரு. நேத்து நான் நேரா போய்ப் பார்த்துட்டேன். பின்தையல் மூணு."

கண்காட்சிக்கு ஸ்வென்சனும் காரைக் கொண்டு வந்திருந்தார். எழுபது வயது விவசாயி, வாயில் பல்குச்சி. மைதானத்தில் எல்லாரும் பார்க்க, ப்ரூயட் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் காரின் பின் சீட்டுக்குள் தவழ்ந்து போய், பெல்ட்டைத் தன் கையாலேயே மறுபடி மாட்டினார். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஸ்வென்சன் என்னிடம், "எட்டு வருஷமா இந்தாளைத் திட்டிக்கிட்டே இருந்தேன். இனிமே யாரைத் திட்டறது?" என்றார். பிறகு காருக்குள் குனிந்து, "ஏய், நல்லா முறுக்கு! என் பேரன் உக்காரப்போற இடம்!" என்று சத்தம் போட்டார்.

அதற்குப் பிறகு நம் காருக்கு வந்தார்கள். ப்ரூயட் ஃபீனிக்ஸ் தாளை எடுத்து, 'பின் தோள் பெல்ட்: அசல் அல்ல' என்ற வரியைக் குறுக்கே அடித்து, மேலே 'அசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்த்து, "உங்கப்பா சொன்னது நிஜம்மா. நான் அன்னிக்குப் பேசினது தப்பு" என்றார். நாலு பேர் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னார். கைபடாத கார்கள் பிரிவில் முதல் பரிசு, அத்தை. கோப்பை என் சமையலறை மேஜையில் இருக்கிறது.

நீங்கள் அந்த லேபிளை மாற்றித் தைத்தது தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதியிராவிட்டால் இரண்டு காரும் துளையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கும். பட்டயத்தை என்ன செய்தீர்கள்? ப்ரூயட் உங்கள் முகவரி கேட்டார், கொடுத்தேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

உங்கள்,
ஜானெல்

---

மேப்பிள் ஃபோர்ட்
6 செப்டம்பர் 1999

என் கண்ணான ஜானெலுக்கு,

கர்த்தர் பெரியவர். முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். உன் கோப்பைப் படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். பால்காரன், தபால்காரன், வால்ட்டர், வால்ட்டர் நாய் எல்லாரும் பார்த்தாயிற்று.

பட்டயம் என்ன ஆயிற்று என்று கேட்டாயே. ஜூலையிலேயே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெர்னீஸ் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி, "இந்தா, திருப்பி எடுத்துக்கோ" என்றேன். அவள் பட்டயத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். "ஒரு பெல்ட்டும் திரும்பலேன்னுதானே எழுதியிருக்கு? திரும்பிச்சா?" என்றாள். "இல்லை" என்றேன். "அப்ப எடுத்துட்டுப் போ, எனக்கு அடுப்புல வேலை இருக்கு." க்ரல் வீட்டுக்கும் போனேன். அவருக்குச் சரியாகக் காது கேட்கவில்லை, மூன்று தரம் கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கடைசியில், "இழுப்பறையைப் பூட்டியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது கேள். போன வியாழக்கிழமை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ப்ரூயட்! கையுறை இல்லை. பேரிக்காய்க் கூடை ஒன்று கொண்டு வந்திருந்தார். மனிதர் நான் நினைத்த அளவுக்கு மோசம் இல்லை. காபி கொடுத்தேன், ரூபார்ப் வைத்துச் சுட்ட பலகாரம் கொடுத்தேன், மூன்று துண்டு சாப்பிட்டார். பழைய பெல்ட்டாக ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாக என் மடியில் போட்டு, "இது யாரு கை? இது யாரு கை?" என்று கேட்டார். நாலு பேர் கையை என்னால் சொல்ல முடிந்தது. ஒன்று பெர்னீஸ் தைத்தது. மீன் பொரிக்கத் தெரியாதே தவிர அவள் தையல் என்னுடையதைவிட நேர். அதையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அப்புறம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நடுவர்கள் எல்லாரும் கையில் வைத்துப் பார்க்கிற விதிப் புத்தகத்தைப் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம். அதில் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். வாசித்துக் காட்டினார்: 'ஏப்ரல் 1969 முதல் வாரத்தில் கட்டிய கார்களில், பதினைந்தாம் வாரத்து லேபிள் உள்ள பின் தோள் பெல்ட் அசலாக இருக்கலாம். தையலைச் சரிபார்க்காமல் மதிப்பெண் குறைக்கக் கூடாது. காரணம், டார்பெல் தையலகத்தில் நேர்ந்த தவறு.'

"உங்க பேரை எங்கேயும் போடலம்மா. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னுதான்" என்றார்.

நான் என்ன சொல்வேன் என்று நினைக்கிறாய்? நல்ல மனுஷன், எனக்காகத்தான் யோசித்திருக்கிறார். என் பாவத்தைக் கர்த்தர் மறந்துவிட்டார், இந்தப் புத்தகமும் மறைத்துவிடும், அதோடு முடிந்தது. ஒரு நிமிடம் அப்படித்தான் இருந்தது எனக்கு.

அப்புறம் அந்தத் தாளை வாங்கி மறுபடி வாசித்தேன். டார்பெல் தையலகத்தில் நேர்ந்த தவறு! அங்கே எழுபது பெண்கள் தைத்தார்கள், ஜானெல். எழுபது பேரும் சட்டப்படி தைத்தார்கள். "அவங்க லேபிளை வச்சுத்தான் நாங்க மத்ததையே சரிபார்க்கிறோம்" என்று இதே மனுஷன் உன்னிடம் சொன்னாரே, அது அவர்கள் சம்பாதித்த பேர். இனிமேல் இந்தப் புத்தகத்தை வாசிக்கிற ஒவ்வொருத்தனும் பெர்னீஸ் தைத்த பெல்ட்டையும் புரட்டிப் பார்த்து, 'டார்பெல்காரிகள் தவறு செய்வார்களாமே' என்று உதட்டைப் பிதுக்குவான்.

"பேனா கொடுங்க" என்றேன்.

'டார்பெல் தையலகத்தில்' என்பதை அடித்துவிட்டு, என் பேரை எழுதினேன். ஓபல் ஹாஸ்கெட், பகல் ஷிஃப்ட், எட்டு ஜோடி, வேறு யாரும் இல்லை.

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாடு முழுக்க இருக்கிற நடுவருங்க எல்லாரும் வாசிப்பாங்கம்மா" என்றார்.

"வாசிக்கட்டும்" என்றேன்.

உன்னை ஆசீர்வதித்து முத்தமிடுகிற,
ஓபல் அத்தை